சீசன் முடிந்த ஆல்ப்ஸ்: மியூரென் கிராமத்தில் அமைதியாகத் தங்கிவர ஒரு முழுமையான வழிகாட்டி

ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குக்குப் பேர்போன ஊர் ஒன்றில், கூட்டமில்லாத நாட்களில் போய்த் தங்க ஆசையா? விமான டிக்கெட்டைத் தேடுவதற்கு முன்னால், அந்த ஊரின் கேபிள் கார் எந்தெந்தத் தேதிகளில் ஓடாது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான். இதைப் பார்க்காமல் போனால் என்ன ஆகும்? அறை மலிவாகக் கிடைத்திருக்கும், ஊர் அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் மேலே போக வழி இருக்காது, சாப்பிடக் கடை இருக்காது, கீழே பள்ளத்தாக்கில் ஈரப் புல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போவதைவிட ஓர் ஊரை எடுத்துக்கொண்டு பேசுவது எளிது. நான் எடுத்துக்கொள்வது சுவிட்சர்லாந்தின் பேர்ன் மாநிலத்தில் இருக்கும் மியூரென். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,640 மீட்டர் உயரத்தில், செங்குத்தான பாறைச் சுவரின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் சிற்றூர். நிரந்தரமாக வாழ்கிறவர்கள் ஐந்நூறு பேருக்கும் குறைவு. சுற்றுலாப் பயணிகளின் கார்கள் மேலே வர முடியாது. எதிரே ஐகர் (3,967 மீ), மோன்க், யுங்ஃப்ராவ் (4,158 மீ) மூன்றும் வரிசையாக நிற்கும். கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து சறுக்கி இறங்கும், இன்று உலகம் முழுக்க நடக்கும் ஸ்லாலம் பந்தயத்தை ஆர்னால்ட் லன் என்ற ஆங்கிலேயர் 1922இல் முதலில் நடத்திப் பார்த்தது இங்கேதான். 1931இல் ஆல்பைன் பனிச்சறுக்கின் முதல் உலகச் சாம்பியன்ஷிப்பும் இங்கேதான் நடந்தது. ஜனவரியில் ‘இன்ஃபெர்னோ’ என்ற பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும்போது கால் வைக்க இடமிருக்காது. நாம் போகப்போவது அப்போதல்ல.

முதல் படி: எந்த வாரம் என்று முடிவு செய்வது

இங்கே வருடத்துக்கு இரண்டு சீசன். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பனிச்சறுக்கு. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை மலைநடை. இவற்றுக்கு இடையில் இரண்டு இடைவெளிகள் வருகின்றன. ஆஃப் சீசன் என்று நாம் சொல்வது இந்த இரண்டையும்தான். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி இல்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் நல்ல வாரமும் உண்டு, வீணான வாரமும் உண்டு.

ஏப்ரல் கடைசி முதல் மே நடுவரை: பனிச்சறுக்கு முடிந்துவிட்டது, கோடை தொடங்கவில்லை. ஊரைச் சுற்றிப் பனி திட்டுத்திட்டாகக் கிடக்கும், அதன் அடியிலிருந்து வெளிவரும் புல் பழுப்பு நிறத்தில் படுத்துக்கிடக்கும். விடுதிக்காரர்கள் கடையைச் சாத்திக்கொண்டு அவர்களே விடுமுறைக்குப் போய்விடுவார்கள். கேபிள் கார்களுக்கு வருடாந்தரப் பராமரிப்பு பெரும்பாலும் இந்த நாட்களை ஒட்டித்தான் வரும். இந்த வாரங்களில் மியூரெனில் தங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். போயே ஆக வேண்டுமென்றால் கீழே லவுட்டர்புருனன் பள்ளத்தாக்கிலோ இன்டர்லாகனிலோ தங்குங்கள். அங்கே அந்த நேரத்தில் எல்லாம் பச்சைப்பசேல் என்றிருக்கும்.

மே கடைசி முதல் ஜூன் நடுவரை: நல்ல நாட்கள் இங்கே தொடங்குகின்றன. விடுதிகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். பனி உருகும் காலம் என்பதால் அருவிகளில் தண்ணீர் பொங்கும். புல்வெளியில் பூக்கள் வரத் தொடங்கும். ஒரே குறை, 2,000 மீட்டருக்கு மேலே உள்ள நடைபாதைகளில் ஜூன் நடுப்பகுதி தாண்டியும் பனி கிடக்கும். உயரமான பாதைகளில் நடக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இது ஏமாற்றம். ஊரைச் சுற்றி நிதானமாக நடந்தால் போதும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் குறைவு.

செப்டம்பர் நடு முதல் அக்டோபர் நடுவரை: என் ஓட்டு இதற்குத்தான். பாதைகளில் பனி இல்லை, வெயில் சுடாது, காற்று தெளிவாக இருக்கும், கோடைக் கூட்டம் கலைந்திருக்கும், கேபிள் காரும் விடுதிகளும் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும். கோடை முழுக்க மேலே மேய்ந்த மாடுகளைப் பெரிய மணிகளைக் கட்டிக் கீழே ஓட்டி வருவதும் செப்டம்பரில்தான். அருவிகள் மட்டும் மெலிந்திருக்கும்.

அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் தொடக்கம்வரை: ஊர் தூங்கும். மறுபடியும் பராமரிப்பு நாட்கள், சாத்திய கதவுகள், நாலரை மணிக்கெல்லாம் மங்கும் வெளிச்சம். எழுதுவதற்கோ படிப்பதற்கோ தனிமை தேடுகிறவர்கள், சமையலறை உள்ள வாடகை வீடு பிடித்துக்கொண்டு போகலாம். குடும்பத்தோடு வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கலும் ஒரு வாய்ப்பும் இருக்கின்றன. நம் பள்ளிகளின் கோடை விடுமுறையில்தான் இந்தியக் குழுக்கள் மொத்தமாகச் சுவிட்சர்லாந்தில் இறங்குகின்றன. மே மாதத்தில் யுங்ஃப்ராவ் சிகரத்தை ஒட்டிய கணவாய்க்கு ஏறும் யுங்ஃப்ராவ்யோக் ரயிலில் ஏறினால் சென்னை சென்ட்ரலில் நிற்பது போலத்தான் இருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது ஆஃப் சீசன், நமக்கு அதுதான் சீசன். அதே சமயம் காலாண்டுத் தேர்வு விடுமுறை செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வருகிறது. மேலே நான் ஓட்டுப் போட்ட வாரங்கள் அவைதான். விடுமுறை ஒரு வாரம்தான், அதோடு இரண்டு நாள் லீவு போட்டால் தாராளமாகப் போய்வரலாம். சுவிஸ் பள்ளிகளுக்கும் அந்தச் சமயத்தில் இலையுதிர்கால விடுமுறை உண்டு. அதனால் சனி ஞாயிறுகளில் உள்ளூர் ஆட்கள் வருவார்கள். திங்கள் முதல் வெள்ளிவரை மேலே தங்குகிற மாதிரி திட்டமிட்டால் அதுவும் தொந்தரவில்லை.

இரண்டாம் படி: கேபிள் கார் நாட்காட்டி

மியூரெனுக்குப் போக இரண்டு வழிகள். ஒன்று, லவுட்டர்புருனன் நிலையத்துக்கு எதிரிலிருந்து கேபிள் காரில் க்ரூட்ச்சால்ப், அங்கிருந்து விளிம்பை ஒட்டி ஓடும் சின்ன ரயில். இந்த ரயில் 1891இலிருந்து ஓடுகிறது. இன்னொன்று, பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கும் ஷ்டெகல்பெர்கிலிருந்து ஷில்ட்ஹார்ன் நிறுவனத்தின் கேபிள் கார். 2024 டிசம்பரில் திறந்த புதிய தடம் நேராக மியூரெனுக்கே ஏறுகிறது. 159.4 சதவீதச் சரிவு, உலகின் மிகச் செங்குத்தான கேபிள் கார் இதுதான். நான்கே நிமிடத்தில் மேலே. 2024க்கு முன் அச்சடித்த வழிகாட்டி நூல்களில் இது இருக்காது, அவற்றை நம்பிப் பாதை போடாதீர்கள்.

இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் மூடாது. அதனால் ஊருக்குள் போகமுடியாமல் தவிப்போமோ என்ற பயம் வேண்டாம். பார்க்க வேண்டியது ஊருக்கு மேலே இருக்கும் தடங்களை: பிர்க் வழியாக 2,970 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஷில்ட்ஹார்ன் சிகரம்வரை போகும் கேபிள் கார், அப்புறம் ஊருக்குள்ளிருந்தே 1,907 மீட்டர் உயரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் ஆல்மெண்ட்ஹூபல் மலை ரயில். முன்னது ஆண்டில் பெரும்பகுதி ஓடும், வசந்தத்திலும் நவம்பரை ஒட்டியும் பராமரிப்புக்கு நிற்கும். பின்னது கோடையிலும் குளிர்காலத்திலும் மட்டும்தான், கோடை ஓட்டம் ஏறத்தாழ ஜூன் முதல் அக்டோபர் நடுவரை.

அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் ‘இயங்கும் நேரம்’ பக்கத்துக்குப் போய், நீங்கள் நினைத்த வாரத்தில் என்னென்ன ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஜெர்மன் பக்கத்தில் ‘ரெவிசியோன்’ என்று தேதியோடு போட்டிருந்தால் அது பராமரிப்பு நிறுத்தம். தேதி ஒவ்வோர் ஆண்டும் மாறும், போன ஆண்டு போய்வந்தவரின் கணக்கு உங்களுக்கு உதவாது. மேலே சொன்ன இரண்டு தடங்களில் ஒன்றாவது ஓடினால் அந்த வாரம் சரி. ஒன்றும் ஓடவில்லையா, வாரத்தை மாற்றுங்கள். விமான டிக்கெட்டில் நாலாயிரம் ரூபாய் மிச்சம் என்பதற்காக அந்த வாரத்தையே பிடித்துத் தொங்க வேண்டாம்.

மூன்றாம் படி: தங்குமிடம்

ஆஃப் சீசன் என்றால் எல்லாமே மலிவு என்று நினைக்கக்கூடாது. ரயில், கேபிள் கார், சாப்பாடு எதிலும் பெரிய மாற்றம் இருக்காது. இறங்குவது அறை வாடகை மட்டும்தான். அதனால் மிச்சம் பிடிக்க விரும்புகிறவர்கள் இந்தப் படியில்தான் கவனம் வைக்க வேண்டும்.

விடுதியா, சமையலறையோடு கூடிய வீடா? சீசன் இல்லாதபோது நான் வீட்டின் பக்கம். காரணம் பணம் மட்டுமில்லை. ஊரில் திறந்திருக்கும் உணவகங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிடும், அவையும் ஆளுக்கொரு நாள் விடுமுறை விடும். ராத்திரி எட்டரைக்குப் பசியோடு வீதியில் நடந்து ஒவ்வொரு கதவாகப் பார்ப்பது சுகமான அனுபவமில்லை. விடுதிதான் வேண்டுமென்றால், அவர்களுடைய சாப்பாட்டுக்கூடம் நீங்கள் தங்கும் நாட்களில் இயங்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள். ‘விடுதி திறந்திருக்கிறது’ என்றால் சமையலறையும் திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை.

இடம் பார்க்கும்போது இன்னொன்று. ஊரின் வடக்குக் கோடியில் ரயில் நிலையம், தெற்குக் கோடியில் கேபிள் கார் நிலையம். நடுவில் ஒரு கிலோமீட்டர் போல, கால் மணி நேர நடை. பெரிய பெட்டிகளோடு வருகிறவர்கள் எந்த வழியாக வருகிறார்களோ அந்தக் கோடிக்குப் பக்கத்தில் எடுப்பது புத்திசாலித்தனம். சிகரங்களைப் பார்த்த பால்கனி வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள். ஆளில்லாத நாட்களில் அதே விலைக்கே கொடுத்துவிடுவதும் உண்டு.

வாடகைக்கு மேல் ஒரு நாளைக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஊர்ச் சுற்றுலா வரி உண்டு. பல முன்பதிவுத் தளங்கள் இதைக் கடைசியில்தான் காட்டும். வீட்டுக்கு இறுதிச் சுத்தம் செய்யும் கட்டணமும் தனி. இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

நான்காம் படி: விசா

இந்தியக் கடவுச்சீட்டுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்கு முன்னாலாவது கொடுத்துவிட வேண்டும். சென்னையிலேயே விண்ணப்ப மையம் இருக்கிறது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. மலைநடை போகிறவர்கள் அந்தக் காப்பீட்டில் ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா என்று சின்ன எழுத்தைப் படியுங்கள். பல நாடுகளுக்குப் போகிறீர்கள் என்றால் எங்கே அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். அறையை இலவசமாக ரத்து செய்யக்கூடிய வகையில் பதிவு செய்துகொண்டு போங்கள். இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்தாம் படி: ரயில் டிக்கெட் கணக்கு

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, நாடு முழுக்க ரயிலில் சுற்றுவதற்கான ஸ்விஸ் டிராவல் பாஸை வாங்குகிறார்கள். தினம் ஒரு நகரம் என்று ஓடுகிறவர்களுக்கு அது லாபம். ஓர் ஊரில் தங்கி நடக்கிறவர்களுக்கு அரைக் கட்டண அட்டை போதும். அதை வாங்கினால் ரயில், பேருந்து, படகு, பெரும்பாலான மலை ரயில்கள் எல்லாவற்றிலும் பாதி விலை. டிராவல் பாஸில் மியூரென்வரை இலவசம், அதற்குமேல் ஷில்ட்ஹார்னுக்குப் பாதி விலை. ஆக, மேலே ஏறும் செலவில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. விமான நிலையத்திலிருந்து வந்து திரும்பும் செலவையும் ஒன்றிரண்டு வெளியூர்ப் பயணத்தையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

15 வயதுவரையுள்ள பிள்ளைகள் பெற்றோரோடு போனால் ‘ஸ்விஸ் ஃபேமிலி கார்டு’ என்ற குடும்ப அட்டையில் இலவசம். டிக்கெட் வாங்கும்போதே இந்த அட்டையைக் கேளுங்கள், கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

ஷில்ட்ஹார்ன் டிக்கெட்டை மட்டும் ஊரிலிருந்தே முன்பதிவு செய்துவிடாதீர்கள். காசு கொடுத்து மேலே போய் மேகத்துக்குள் நிற்பதில் என்ன இருக்கிறது? சிகரத்தின் நேரடிக் கேமரா படம் இணையத்தில் வரும், விடுதித் தொலைக்காட்சியிலும் ஓடும். காலையில் பல் தேய்த்துக்கொண்டே பார்க்கலாம். தெளிவாக இருந்தால் உடனே கிளம்புங்கள். ஆஃப் சீசனில் வரிசை இருக்காது, அன்றைக்கே வாங்கினால் போதும்.

ஆறாம் படி: பெட்டியில் என்ன வைப்பது

உயரம் நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் அரை டிகிரிக்குச் சற்று மேலே குறையும். லவுட்டர்புருனன் 800 மீட்டர், மியூரென் 1,640, ஷில்ட்ஹார்ன் 2,970. கீழே 18 டிகிரியாக இருக்கும்போது ஊரில் 12, சிகரத்தில் 4. காற்று அடித்தால் இன்னும் குளிரும். எனவே ஒரே ஒரு தடித்த கோட்டு வாங்கிப் பணத்தைக் கொட்டுவதைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய மெல்லிய உடைகள் மேல்: உள்ளே வியர்வை உறிஞ்சும் பனியன் (பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது), மேலே ஃப்ளீஸ், அதற்கு மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். குல்லாய், மெல்லிய கையுறை. ஜூனிலும் அக்டோபரிலும் திடீரென்று பனி விழலாம்.

காசைச் செருப்புக்கடையில் செலவழியுங்கள். அடிப்பக்கம் ஆழமான பள்ளங்கள் உள்ள, தண்ணீர் புகாத நடைக் காலணி, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கிப் போட்டுப் பழக்கியது. மெரினாவில் ஓடுகிற ஓட்டக் காலணியோடு ஈரப் புல்சரிவில் இறங்கினால் உட்கார்ந்துகொண்டேதான் இறங்க வேண்டியிருக்கும். வெயில் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் மறக்கக்கூடாது, உயரத்து வெயில் குளிருக்குள் ஒளிந்திருந்து சுடும்.

உணவுப் பொருளில் ஒரு எச்சரிக்கை. இந்தியா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் சுவிட்சர்லாந்துக்குள் கொண்டுவரத் தடை. நெய்யும் பால்கோவாவும் இதில் அடக்கம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அப்பளம் தாராளமாகக் கொண்டு போகலாம். வெண்ணெய் அங்கேயே பிரமாதமாகக் கிடைக்கும், உருக்கிக்கொண்டால் நெய்.

இணையத்துக்கு ‘ஐரோப்பா முழுக்க’ என்று விற்கும் சிம்களை வாங்கும்போது நாடுகளின் பட்டியலில் சுவிட்சர்லாந்து இருக்கிறதா என்று பாருங்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, பல சிம்களில் விட்டுப்போயிருக்கும்.

ஏழாம் படி: போய்ச் சேருவது

சூரிக் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம். அங்கிருந்து பேர்ன் வழியாக இன்டர்லாகன் ஓஸ்ட் சுமார் இரண்டேகால் மணி நேரம். வெளியே வந்தால் எதிரிலேயே ‘கூப்’ என்ற பெரிய பல்பொருள் அங்காடி. சமையல் செய்யப் போகிறவர்கள் அரிசி, காய்கறி, தயிர், பால் எல்லாவற்றையும் இங்கேயே வாங்கிவிடுங்கள். மியூரெனிலும் ஒரு சின்ன கூப் உண்டு. ஆனால் சீசன் இல்லாதபோது திறந்திருக்கும் நேரம் குறையும், ஞாயிற்றுக்கிழமையை நம்ப முடியாது.

இன்டர்லாகன் ஓஸ்டிலிருந்து லவுட்டர்புருனனுக்கு இருபது நிமிடம். இங்கே ஒரு கவனம்: அந்த ரயில் நடுவழியில் ஸ்வைலுட்ஷினன் என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லவுட்டர்புருனனுக்கு, இன்னொரு பாதி கிரிண்டல்வால்டுக்கு. ஏறும்போதே பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பார்த்து ஏறுங்கள். தூக்கக் கலக்கத்தில் வரும் நம்மவர்கள் கிரிண்டல்வால்டில் போய் இறங்குவது வாடிக்கை.

லவுட்டர்புருனனில் இறங்கிச் சாலையைக் கடந்தால் கேபிள் கார் நிலையம். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நெரிசலில் நிற்க வேண்டாம். பயணிகள் கூண்டுக்கு அடியில் சரக்குத் தட்டு ஒன்று தொங்கும், ஊருக்குப் போகும் பால், ரொட்டி, சிமென்ட் மூட்டை எல்லாம் அதில்தான் ஏறும். நான்கு நிமிடத்தில் க்ரூட்ச்சால்ப். அங்கே ரயில் பக்கத்திலேயே காத்திருக்கும். இடது பக்கம் உட்காருங்கள், பள்ளத்தாக்கும் மூன்று சிகரங்களும் அந்தப் பக்கம்தான். வலது பக்கம் உட்கார்ந்தால் கால் மணி நேரம் சரிவையும் மரங்களையும் பார்த்துக்கொண்டு போகலாம்.

கடைசிக் கேபிள் கார் எத்தனை மணிக்கு என்று முன்பே பாருங்கள். விமானம் சாயங்காலம் இறங்கினால் அன்றிரவு இன்டர்லாகனில் தங்கிவிட்டுக் காலையில் ஏறுவது நிம்மதி.

எட்டாம் படி: நாட்களைச் செலவழிப்பது

திட்டம் போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தேதி போட்டுத் திட்டம் வேண்டாம். ‘தெளிந்த நாள்’, ‘மேக நாள்’, ‘மழை நாள்’ என்று மூன்று பட்டியல் வைத்துக்கொண்டு காலையில் வானத்தைப் பார்த்து எடுங்கள். சுவிஸ் வானிலைத் துறையின் செயலி ஊர்வாரியாக மணிக்கணக்கில் சொல்லும், ஓரளவு நம்பலாம்.

தெளிந்த நாள் என்றால் முதல் வேலை ஷில்ட்ஹார்ன். மேலே சுழலும் உணவகம் இருக்கிறது. 1969இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தை எடுத்தது அங்கேதான், அதைச் சொல்லியே இன்றுவரை வியாபாரம் நடக்கிறது. அதில் எனக்குப் பெரிய ஈடுபாடில்லை. பாதி வழியில் வரும் பிர்க் நிலையத்தில் இறங்கிப் பாறைச் சுவரை ஒட்டிப் போட்டிருக்கும் இரும்பு நடைபாதையில் போய்ப் பாருங்கள். காலுக்கடியில் கம்பி வலை, அதற்கடியில் ஒன்றுமில்லை. உயரம் ஆகாதவர்கள் காப்பி குடித்துக்கொண்டு காத்திருக்கலாம்.

புகைப்படம் எடுக்கிறவர்களுக்கு: காலையில் சூரியன் சிகரங்களுக்குப் பின்னாலிருந்து வரும், படம் கறுத்துப்போகும். மாலையில்தான் அந்தச் சுவர் முழுக்க வெளிச்சம் விழும்.

நடையில் மூன்று பாதைகளைச் சொல்வேன். முதலாவது, ரயில் பாதையை ஒட்டி மியூரெனிலிருந்து விண்டரெக் வழியாக க்ரூட்ச்சால்ப்வரை. ஏறத்தாழச் சமதளம், ஒன்றேகால் மணி நேரம், பாட்டி தாத்தாவும் நடக்கலாம். முடியாவிட்டால் விண்டரெக்கில் ரயில் ஏறிக்கொள்ளலாம். அங்கே பாலாடைக்கட்டி செய்யும் பண்ணை ஒன்றும் இருக்கிறது. இரண்டாவது, ஆல்மெண்ட்ஹூபல்வரை மலை ரயிலில் போய் அங்கிருந்து மேல்பாதையில் க்ரூட்ச்சால்ப் இறங்குவது. பார்வைக்கு இதுவே மூன்றிலும் சிறந்தது, ஜூன் தொடக்கத்தில் பனி இருக்கிறதா என்று நிலையத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். மூன்றாவது, கிம்மல்வால்ட்.

கிம்மல்வால்ட் மியூரெனுக்குக் கீழே 1,360 மீட்டர் உயரத்தில் இருக்கும் உழவர் கிராமம். தார்ச்சாலையிலேயே அரை மணி நேரம் இறங்கினால் போதும். பனிச்சறுக்கு ஊருக்குரிய பகட்டு எதுவும் இங்கே கிடையாது. வெயிலில் கறுத்த மரவீடுகள், சுவரை ஒட்டி அளவெடுத்தாற்போல் அடுக்கிய விறகு, சாணி வாடை. வழியில் ஆளில்லாத ஒரு கடை இருக்கிறது. பாலாடைக்கட்டி, நினைவுப் பொருட்கள் எல்லாம் விலை ஒட்டி வைத்திருப்பார்கள். எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போட வேண்டியதுதான். சில்லறை ஃபிராங்க் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யூரோ கொடுத்தால் பல கடைகளில் வாங்குவார்கள், மாற்றுவிலைதான் வயிற்றெரிச்சல். அட்டை இயந்திரம் ‘ரூபாயில் செலுத்தவா?’ என்று கேட்டாலும் ஃபிராங்கிலேயே செலுத்துங்கள்.

மேகம் கவிந்த நாளில் ஒரு வேடிக்கை உண்டு. இலையுதிர்காலத்தில் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி நிரம்பி, மேலே மியூரெனில் பளீரென்று வெயிலடிக்கும். கீழே தங்கியிருப்பவர்கள் குடையோடு அலைவார்கள். அதனால் ஜன்னலைப் பார்த்து முடிவு செய்யாமல் சிகரக் கேமராவையும் பாருங்கள். இரண்டும் வெள்ளையாக இருந்தால்தான் அது உண்மையான மேக நாள்.

அப்படிப்பட்ட நாளிலும் மழை நாளிலும் ட்ரும்மல்பாக் அருவிக்குப் போங்கள். லவுட்டர்புருனனிலிருந்து ஷ்டெகல்பெர்க் போகும் 141ஆம் எண் பேருந்து வாசலில் நிற்கும். ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்றின் பனிப்பாறைகள் உருகி வரும் தண்ணீர் மலைக்குள்ளேயே குடைந்துகொண்டு பத்து அருவிகளாக விழுகிறது. உச்சத்தில் வினாடிக்கு 20,000 லிட்டர்வரை. சுரங்க லிஃப்டில் ஏறிப் படிகளில் இறங்க வேண்டும். பாறையே அதிர்வது கைப்பிடிக் கம்பியில் தெரியும். எப்படியும் நனைவோம் என்பதால் மழையைப் பற்றிக் கவலையில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் தொடக்கம்வரைதான் திறந்திருக்கும், நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. லவுட்டர்புருனன் ஊருக்குள்ளேயே 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டவுப்பாக் அருவியை அக்டோபரில் பார்த்தால் கொஞ்சம் பாவமாக இருக்கும், ஜூனில் பாருங்கள்.

ஒன்பதாம் படி: நடக்கும்போது

மஞ்சள் பலகை சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு மலைப்பாதை, காலணியும் நிதானமும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் திரும்பி வாருங்கள், அது பழகியவர்களுக்கு. பலகையில் போட்டிருக்கும் நேரம் நிற்காமல் நடப்பவர்களின் கணக்கு. நாம் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளலாம்.

சீசன் இல்லாதபோது பாதையில் உங்களுக்குப் பின்னால் யாரும் வரமாட்டார்கள். அந்த அமைதியைத் தேடித்தான் வந்தோம், அதில் ஆபத்தும் அதேதான். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள். வான்வழி மீட்புக்கு 1414, ஆம்புலன்ஸுக்கு 144, பொது அவசரத்துக்கு 112. போன் எடுக்காத இடத்தில் நிமிடத்துக்கு ஆறு முறை விளக்கு அல்லது விசில், ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும். ஆல்ப்ஸ் முழுக்க இதுதான் உதவி கேட்கும் சைகை.

கன்றோடு நிற்கும் பசுவிடம் போகாதீர்கள். நம்மூர்ப் பசு மாதிரி தடவிக்கொடுக்கப் போனால் முட்டித் தள்ளிவிடும். வேலிக்கதவைத் திறந்தால் திரும்ப மூடிவிட்டுப் போங்கள்.

பத்தாம் படி: சாப்பாடு

ரோஸ்டி என்பது உருளைக்கிழங்கைத் துருவிப் பொன்னிறமாக வறுத்தது, நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். சைவர்கள் கேட்டு வாங்க வேண்டும், பன்றி இறைச்சித் துண்டு போட்டுத் தருவது வழக்கம். மாக்கரோனியும் உருளையும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த ஆல்ப்ளர்மக்ரோனனிலும் அதே கதை. அதற்குத் தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ் வரும், தயங்காமல் சேர்த்துச் சாப்பிடுங்கள். சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறில் செய்தது. கறாரான சைவர்களுக்கு இன்னொன்று: பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதிதான் சேர்ப்பார்கள்.

வீட்டில் சமைத்தால் நினைவில் வையுங்கள், அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு எவ்வளவு நேரம் வைத்தாலும் முண்டிக்கொண்டு நிற்கும். மைசூர்ப் பருப்பு கொண்டு போங்கள், சீக்கிரம் குழையும். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துவிடுங்கள், புகையுணர்வி அலறினால் மொத்தக் கட்டடமும் வெளியே வந்து நிற்கும். ராத்திரி பத்துக்கு மேல் சத்தம் கூடாது. குப்பையை அந்த ஊருக்கென்று விற்கும் கட்டணப் பையில்தான் போட வேண்டும்.

குடிதண்ணீர் வாங்காதீர்கள். குழாய்த் தண்ணீரும் தெருவோரத் தொட்டியில் விழும் தண்ணீரும் மலை ஊற்றுதான். குடிக்கக்கூடாது என்றால் அங்கேயே எழுதி வைத்திருப்பார்கள்.

திரும்பும் நாள்

காலை விமானம் என்றால் முந்தின இரவே சூரிக் பக்கம் வந்துவிடுங்கள். மேலிருந்து முதல் ரயிலைப் பிடித்தாலும் கேபிள் கார், மலை ரயில், விரைவு ரயில் என்று மாறி மாறி வர மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. பலத்த காற்றடித்தால் கேபிள் கார் நிற்கும், அப்போது மற்றொரு வழியாக இறங்க வேண்டியிருக்கும். தெற்கிலிருந்து ‘ஃபோன்’ (Föhn) என்ற பலத்த வெப்ப மலைக்காற்று வீசும் என்று வானிலைச் செயலி சொன்னால் ஒரு நாள் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் இரவில் என்றால் வழியில் பேர்னில் இறங்குங்கள். பெட்டியை நிலையத்துப் பெட்டகத்தில் போட்டுவிட்டு உள்ளூர் ரயிலில் ஒரு நிறுத்தம் போனால் ஐரோப்பாபிளாட்ஸ். அங்கே பல மதங்களின் வழிபாட்டிடங்கள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் கட்டடத்தில் ஈழத்தமிழர்கள் நடத்தும் சைவக் கோயில் இருக்கிறது. திறக்கும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பேர்னில் தமிழ்க் கடைகளும் உண்டு. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று அலுத்துப்போனவர்கள் கொஞ்சம் மிக்சர் வாங்கிக்கொண்டு சூரிக் ரயிலில் ஏறலாம்.